திராட்சை விற்கலாம், திராட்சை ரசம் விற்கக்கூடாது

2020 ஏப்ரலில் ஒரு நாள் காலை என் தங்கை வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஊரடங்கு போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. "மச்சான், பழம் பந்தல்லயே ஒழுகுது. என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார். நான் என்ன சொல்ல? குமுளி எல்லையில் ஒரே கெடுபிடி. நம் பன்னீர் திராட்சைக்குப் பெரிய சந்தையே மலைக்கு அந்தப் பக்கம்தான். வியாபாரி வரவில்லை, வண்டி வரவில்லை. கூலி கொடுத்துப் பறித்தால் அந்தக் கூலிக்குக்கூட விற்காது. பறிக்காமல் விட்டால் கொடி கெடும்.

மே முதல் வாரம் நான் போய்ப் பார்த்தபோது பறித்துக் குழியில் கொட்டியிருந்தார்கள். ஈயும் தேனீயும் மொய்த்துக்கொண்டிருந்தன. கிட்டே போனால் கிறுகிறுக்க வைக்கும் ஒரு வாசம். யாரும் எதுவும் கலக்கவில்லை. பழத்தின் தோலோடு ஒட்டி வருகிற நுண்ணுயிர் தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது. குழியில் கிடந்தால் அது குப்பை. அதையே ஒரு ஜாடியில் பிழிந்து மூடி வைத்தால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் டாஸ்மாக் கடை வாசலில் தடுப்புக் கட்டை கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மே 7-ஆம் தேதி கடை திறந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசாங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய் 15-ஆம் தேதி தடை வாங்கி, 16-ஆம் தேதி மறுபடியும் திறந்துவிட்டது. பத்து நாளுக்குள் இவ்வளவும் முடிந்தது. குழியில் கிடந்த திராட்சைக்காக டெல்லி வரை போக யாரும் இல்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நான் வங்கியில் விவசாய அதிகாரியாக இருந்தவன். இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கடன் எழுதியவர்களில் நானும் ஒருவன். கல்தூண், கம்பி, ஆள்கூலி என்று ஒரு ஏக்கருக்குப் பணத்தை இறைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் வரைக்கும் ஒரு கொத்துப் பழம் கண்ணில் காணக் கிடைக்காது. அதன் பிறகு கவாத்து வெட்டி, நான்கு மாதத்தில் ஒரு அறுவடை. கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். வடக்கே நாசிக்கில் வருஷத்துக்கு ஒரு முறைதான் அறுவடை. நமக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

நாம் பன்னீர் திராட்சை என்று சொல்வதற்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சை என்று புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடிக்காத குறைதான். குறியீடு வந்ததால் வியாபாரி ஒரு ரூபாய் கூடக் கொடுத்தானா என்றால் இல்லை. பழத்தின் குணம் அப்படி. தோல் மெல்லிசு, உள்ளே விதை. பறித்த இரண்டு மூன்று நாளில் தள்ளிவிட்டாக வேண்டும். ஒரு மழை பெய்தால் வெடிக்கும். மாசி, பங்குனியில் மகாராஷ்டிரத்து விதையில்லா திராட்சை வந்து இறங்கினால் நம் பழத்தைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. தோட்டத்துக்கு வருகிற வியாபாரி சொல்வதுதான் விலை. விவசாயியால் பதில் பேச முடியாது, ஏனென்றால் பழம் அவனுக்காகக் காத்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்கு நம் ஆட்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற மருந்துக்கு போர்டோ கலவை என்று பெயர். போர்டோ என்பது பிரான்ஸில் ஒயினுக்குப் பேர்போன ஊர். ஒயின் தோட்டத்தைக் காப்பாற்ற அங்கே கண்டுபிடித்த மருந்து, நம் ஊரில் மூலை முடுக்கெல்லாம் தெரியும். மருந்தை எடுத்துக்கொண்டோம், பழத்தையும் எடுத்துக்கொண்டோம். பழத்தைக் கெடாமல் வைக்கிற வழியை மட்டும் தொடக்கூடாது.

ஒயின் என்பது அடிப்படையில் அதுதானே. மூன்று நாளில் கெடுகிற பழத்தை மூன்று வருஷம் வைத்திருக்கிற வழி. அது கையில் இருந்தால் வியாபாரி பன்னிரண்டு ரூபாய் என்று சொல்லும்போது, "அப்படியா தம்பி, போய் வா" என்று சொல்லலாம். ஒரு பாட்டில் ஒயினுக்கு ஒன்றரை கிலோ பழம் போகும். எல்லாப் பழத்தையும் ஒயினாக்க வேண்டாம். விலை விழுகிற நாளில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க முடிந்தாலே பேரம் பேசத் தெம்பு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1937-இல் ராஜாஜி காலத்தில் வந்த மதுவிலக்குச் சட்டம்தான் இன்றைக்கும் நம்மை ஆள்கிறது. மதுவிலக்கு 1971-இல் போனது, 1974-இல் வந்தது, 1981-இல் மறுபடியும் போனது. சட்டத்தின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் மதுக்கடை நடக்கிறது! அதன் 4-ஆம் பிரிவுப்படி மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, விற்பது எல்லாம் குற்றம். லைசென்ஸ் வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. 1983-இல் டாஸ்மாக் வந்தது. மொத்த வியாபாரம் முழுக்க அதன் கைக்குப் போனது. 2003-இல் சில்லறைக் கடையையும் அதுவே எடுத்துக்கொண்டது. ஒயின் ஆலை வைக்க விதிகள் இருக்கின்றன, நம் பள்ளத்தாக்கிலேயே ஆலை வந்தும் இருக்கிறது. ஆனால் ஆலை வைத்தவரும் தன் வாசலில் நிற்கிற ஆளுக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்துக் காசு வாங்க முடியாது. டாஸ்மாக்குக்குக் கொடுக்க வேண்டும், டாஸ்மாக் விற்கும்.

டாஸ்மாக்கில் விற்றால் என்ன என்று கேட்கலாம். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று சொல்கிறோமே, அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் அமோகமாக விற்கும். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு குவார்ட்டர் வாங்குகிறவனுக்கு ஒயின் எதற்கு? ஒயின் வாங்க நினைக்கிறவர்கள், முக்கியமாகக் குடும்பத்தோடு வருகிறவர்கள், அந்த ஜன்னல் பக்கமே போக மாட்டார்கள். அவர்கள் வருகிற இடம் வேறு. சுருளி அருவிக்கு வருகிறார்கள். தேக்கடிக்குப் போகும் வழியில் காரை நிறுத்திப் பந்தலுக்கு அடியில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அரை கிலோ பழம் வாங்கிக்கொண்டு, "இதுல ஒயின் கிடையாதா?" என்று தவறாமல் கேட்கிறார்கள். என் தங்கை வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "ஜூஸ் வேணா தரேன்" என்பார்.

இப்படி வாசலில் விற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகள் வீட்டுக்கு நியூயார்க் மாநிலம் போயிருந்தபோது. நியூயார்க் என்றால் நமக்கு உயரமான கட்டடம்தான் ஞாபகம் வரும். உள்ளே போனால் ஐந்து விரலை விரித்து வைத்த மாதிரி நீளநீளமாக ஏரிகள், கரையெல்லாம் திராட்சை. செனிகா ஏரிக்கரையில் ஒரு தோட்டத்தில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். கொட்டகை மாதிரி ஒரு கட்டடம், உள்ளே நீண்ட மேசை. தோட்டக்காரர் மனைவி சின்னச் சின்ன கிளாஸில் ஊற்றித் தந்து, இது எந்தப் பக்கத்துக் கொடி, எந்த வருஷம் மழை அதிகம் என்று கதை சொன்னார். என் மனைவி, "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். நான் குடிப்பவன் இல்லை. அன்றைக்கு இரண்டு வாய் ருசி பார்த்தேன். ஒன்று இருமல் மருந்து மாதிரி இருந்தது, இன்னொன்று நன்றாகவே இருந்தது. இதை வீட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

அந்த ஊர்க் கதையும் நம் கதை மாதிரிதான். 1970-களில் அங்கே பெரிய ஆலைகள் உள்ளூர்த் திராட்சை வாங்குவதைக் குறைத்துவிட்டன. பந்தலைப் பிடுங்குகிற நிலைமை. சின்ன விவசாயி சொந்தமாக ஒயின் போட்டு விற்கலாம் என்றால் லைசென்ஸும் விற்பனை விதியும் பெரிய ஆலைக்கென்று தைத்த சட்டை. 1976-இல் ஹ்யூ கேரி என்ற கவர்னர் பண்ணை ஒயின் சட்டம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார். வருஷத்துக்கு 50,000 காலன் வரை தயாரிக்கிற விவசாயி, அந்த மாநிலத்துத் திராட்சையில் செய்தது என்றால், தானே நேரடியாக மக்களுக்கு விற்கலாம். அவ்வளவுதான் சட்டம். அப்போது அந்த மாநிலத்தில் இருந்த ஒயின் கூடங்கள் இருபதுக்கும் குறைவு. இப்போது நானூறுக்கு மேல்.

அங்கேயும் எல்லாம் நேர்மை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கை எடுத்தபோது, தயாரிப்பவன் மொத்த வியாபாரிக்கும், அவன் கடைக்காரனுக்கும், கடைக்காரன் மக்களுக்கும் விற்க வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்கள் மூன்று படி வைத்தன. நடுப்படியில் உட்கார்ந்தவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். தன் விவசாயிக்கு வாசலைத் திறந்த அதே நியூயார்க், வெளிமாநிலத்துச் சின்ன ஒயின்காரர் வீட்டுக்கு அனுப்பி விற்பதற்கு மட்டும் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. வர்ஜீனியாவில் ஜுவானிட்டா ஸ்வீடன்பர்க் என்று ஒரு பெண் விவசாயி, அவர் தோட்டத்துக்கு வந்து ருசி பார்த்தவர்கள் ஊருக்குப் போய்க் கேட்டால் அனுப்ப முடியவில்லை. வழக்குப் போட்டார். அந்த வழக்கும் மிச்சிகன் மாநிலத்து வழக்கும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2005 மே 16-ஆம் தேதி ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு வந்தது. உள்ளூர்க்காரன் அனுப்பலாம், வெளியூர்க்காரன் அனுப்பக்கூடாது என்று ஒரு மாநிலம் பாரபட்சம் காட்ட முடியாது என்றார்கள். ஒரு நீதிபதி மாறி எழுதியிருந்தால் அந்த அம்மா தோற்றிருப்பார்.

நம் ஊரில் அப்படி ஒரு அம்மா வழக்குப் போட்டால் ஜெயிக்க முடியாது. 1994-இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது, அரசு விரும்பினால் முழுக்கத் தடுக்கலாம், விரும்பினால் முழுக்கத் தானே வைத்துக்கொள்ளலாம். நம் அரசு இரண்டாவதைச் செய்கிறது. ஆகவே இது கோட்டையில் முடிவாக வேண்டிய விஷயம். மகாராஷ்டிரம் 2001-இலேயே திராட்சைப் பதனிடும் கொள்கை கொண்டுவந்தது. நாசிக்கில் ஒயின் தோட்டத்துக்கே போய் ருசி பார்த்து வாங்கி வருகிறார்கள். கர்நாடகம் 2007-இல் தனிக் கொள்கை வைத்தது. அங்கேயும் தகராறு உண்டு. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்கலாம் என்றதும் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் என்று எழுந்தார், அரசு பின்வாங்கியது. அந்த விஷயத்தில் நான் ஹசாரே பக்கம். சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பக்கத்தில் பாட்டில் வைப்பது வேறு. விவசாயி தன் தோட்டத்தில் விற்பது வேறு.

இதையெல்லாம் ஒரு நாள் தங்கை வீட்டில் உட்கார்ந்து பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணே, இருக்கிற கடையில ஒண்ண மூடச் சொல்லி நாங்க கத்துறோம். நீங்க தோட்டத்துக்குத் தோட்டம் திறக்கச் சொல்றீங்களா?"

அவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. அவர்கள் தோட்டத்தில் வருஷக்கணக்காகக் கவாத்து வெட்டிய ஒருவர் இருந்தார். எந்தக் கண்ணில் பழம் வரும், எந்தக் கண்ணில் வராது என்று கொடியைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். நாற்பத்தோரு வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் மகளை நர்ஸிங் படிக்க வைத்தது என் தங்கைதான். அவர் குடித்தது எல்லாம் கடையில் அரசு விற்ற பிராந்தி. நான் ஏதோ கணக்குச் சொன்னேன். பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், புளிக்கவைத்த ஒயினில் 12 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும் என்றேன். "குடிக்கிறவன் சதவீதம் பாத்தா குடிக்கிறான்?" என்றாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதும் பாதிப் பதில்தான் இருக்கிறது. எல்லாக் கடையையும் மூடுகிறோம் என்று ஒரு அரசு நிஜமாக வந்தால், ஒயினும் வேண்டாம் என்று நானே முதல் கையெழுத்துப் போடுவேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 2023-இல் 500 கடையை மூடினார்கள், நல்ல காரியம், அதன் பிறகும் 4,829 கடை. 2023–24-இல் மதுவால் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். ஆக, இந்தத் தடை குடிக்கிறவனை ஒன்றும் செய்யவில்லை. விளைவிக்கிறவனை மட்டும் தடுக்கிறது. குடியிலிருந்து மக்களைக் காக்கிறோம் என்றால் புரிந்துகொள்வேன். போட்டியிலிருந்து கடையைக் காப்பதற்கு மக்கள் நலன் என்று பெயர் வைத்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

கள்ளும் இதே கதைதான். 1987 ஜனவரி 1 முதல் இங்கே கள் கிடையாது. பனை நம் மாநில மரம், ஏறி இறக்கினால் வழக்கு. கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறி குமுளி போய்விட்டால் கள்ளுக்கடை போர்டு மாட்டி, மீன்குழம்போடு உட்கார்ந்து குடிக்கலாம். அந்த மலைக்கு மேல் போனதும் கள்ளின் குணம் மாறிவிடுகிறதா? நம் திராட்சையும் அப்படித்தான் மலையேறுகிறது. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஜாடியில் கருப்புத் திராட்சை போட்டு ஒயின் வைப்பது வழக்கம். 2019 டிசம்பரில் அங்கே கலால் துறை, வீட்டில் வைத்தாலும் குற்றம் என்று எச்சரிக்கை விட்டது. வீட்டுப் பெண்கள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அதே கேரளம் 2022-இல் பழங்களிலிருந்து ஒயின் எடுக்கும் சின்னக் கூடங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது.

கள்ளக்குறிச்சியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். 2024 ஜூனில் அறுபது பேருக்கு மேல் செத்தது மெத்தனாலால். அது தொழிற்சாலை ரசாயனம். எந்தத் தோட்டத்துத் திராட்சையும் அதற்குக் காரணமில்லை. பெயர்ப் பலகை மாட்டி, பட்டா நம்பரோடு பதிவு செய்து, பகலில் விற்கிறவனைச் சோதிப்பது, இரவில் பாக்கெட் விற்கிறவனைப் பிடிப்பதை விடச் சுலபம் இல்லையா?

நான் கேட்பது பெரிதில்லை. சொந்த நிலத்துப் பழம் மட்டும். வருஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு வரம்பு, அதுவும் குறைவாகவே இருக்கட்டும். ஆனைமலையன்பட்டியில் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அங்கே மாதிரி கொடுத்துச் சீட்டு வாங்கிய பிறகுதான் விற்பனை. மாலை ஆறு மணிக்கு மேல் கூடாது. பள்ளிக்கூடம், கோயில் பக்கம் கூடாது. உட்கார்ந்து குடிக்க இடம் கூடாது, ருசி பார்க்க ஒரு மடக்கு போதும். வரியை வாங்கிக்கொள்ளட்டும். ஒரே பள்ளத்தாக்கில் ஐந்து வருஷம் நடத்திப் பார்க்கட்டும், கெட்டுப்போனால் மூடட்டும். பன்னீர் திராட்சை ஒயினுக்கு முதல்தரப் பழம் இல்லை என்று வாதம் செய்வார்கள். உண்மைதான். ஆனால் சீனாவில் தியான்ஜின் பக்கம் இதே ரகத்தில் ஒயின் எடுத்து விற்றிருக்கிறார்கள். ருசி எப்படி என்று வாங்குகிறவர் முடிவு பண்ணட்டும். அது சட்டத்தின் வேலை இல்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது என்றேனே. போன வாரம் தங்கை வீட்டுக்காரர் வந்திருந்தார். ஒரு ஏக்கர் பந்தலைப் பிரித்துவிட்டாராம். வாழை வைக்கப் போகிறார். அந்தப் பந்தலுக்குக் கடன் விண்ணப்பம் எழுதியது நான்தான், இடத்தைப் பார்க்கப் போனபோது கல்தூண்களை எண்ணிக் குறித்ததும் நான்தான். தூண்கள் இன்னும் திடமாகவே இருக்கின்றன. வேலி போட யாரோ விலைக்குக் கேட்கிறார்களாம்.

"ஒரு தூணுக்கு என்ன கேக்கலாம் மச்சான்?" என்றார்.